உறங்கும் முட்டை

துறையூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். சித்திரையில் 13 முட்டை அடை வைத்தாராம். நான்குதான் பொரித்தன, மீதி எல்லாம் கூமுட்டை. நல்ல அடைக்கோழிதான்; தை மாதம் வைத்தபோது ஒன்றுகூட வீணாகவில்லையாம். "இடையில் இரண்டு நாள் பலத்த இடி. அதனால்தான் கெட்டது என்கிறார் என் மாமியார். ஆனால் இரும்புத்துண்டு, மிளகாய், அடுப்புக்கரி எல்லாம் கூடையில் போட்டுத்தான் வைத்தேன். பிறகு ஏன் இப்படி ஆயிற்று?" என்று கேட்கிறார்.

அடைகாப்பதைப் பற்றிக் கோழி வளர்ப்பவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 21 நாள் கணக்கு, ஒற்றைப்படையில் முட்டை வைப்பது, தாய் நாளுக்கு ஒருமுறை இறங்கி இரை எடுத்து, மண்ணில் புரண்டு திரும்புவது, எல்லாம் வீட்டுக்கு வீடு தெரிந்த சங்கதி. யாரும் கவனிக்காதது அதற்கு முந்தைய நாள்களைத்தான். இட்ட முட்டை கோழியின் வயிற்றுக்கடியில் போகும்வரை என்ன செய்துகொண்டிருக்கிறது? சும்மாதானே கிடக்கிறது என்பார்கள். அந்தச் சும்மா கிடப்பதில்தான் பாதிக் குஞ்சுகளின் தலையெழுத்து இருக்கிறது.

முட்டை வெளியே வரும்போதே அதற்குள் ஓர் உயிர் ஒரு நாள் வளர்ந்திருக்கிறது. சேவல் சேர்ந்த பிறகு அதன் விந்து கோழியின் கருக்குழாயில் உள்ள நுண்ணிய மடிப்புகளில் பத்துப் பன்னிரண்டு நாள்கூட உயிரோடு தங்கும். சேவலை விற்ற பிறகும் ஒரு வாரம் போலக் கருமுட்டை கிடைப்பது அதனால்தான். சினைப்பையிலிருந்து மஞ்சள் கரு கழன்று விழுந்த கால் மணி நேரத்துக்குள் கரு கூடிவிடுகிறது. அதன் பிறகுதான் வெள்ளைக்கரு சுற்றுகிறது, சவ்வு மூடுகிறது, ஓடு கட்டுகிறது. ஓடு கட்டுவதற்கு மட்டும் சுமார் 20 மணி நேரம். ஆகமொத்தம் ஒரு நாளுக்குச் சற்றே கூடுதலான நேரம் அந்தக் கரு தாயின் 41 டிகிரி உடற்சூட்டில் இருக்கிறது. ஒரு செல் இரண்டாகி, இரண்டு நான்காகி, முட்டை கூடையில் விழும்போது பல்லாயிரம் செல்கள் சேர்ந்துவிடுகின்றன.

வீட்டுக் கோழி முட்டை ஒன்றை மெதுவாக உடைத்துத் தட்டில் ஊற்றிப் பாருங்கள். மஞ்சளின் மேல் மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலத்தில் வெளிறிய வட்டம் ஒன்று மிதக்கும். உற்றுப் பார்த்தால் ஓரம் அடர்ந்தும் நடு தெளிந்தும் இருக்கும். பின்னால் குஞ்சாகப் போவது அதுதான். சேவல் சேராத முட்டையில் அந்த இடத்தில் உருவம் சரியில்லாத சின்ன வெள்ளைப் புள்ளி மட்டும் தெரியும். நாமக்கல் பண்ணை முட்டையை அடை வைத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கூண்டுகளில் சேவலே கிடையாது. பொரிக்க அதில் ஒன்றுமில்லை.

முட்டை இட்டு ஆறியதும் அந்த வட்டத்தின் வளர்ச்சி நின்றுவிடுகிறது. செத்துப்போகவில்லை, நின்றிருக்கிறது. கோழியைப் பற்றி நான் படித்ததிலும் பார்த்ததிலும் இதற்கு ஈடான அதிசயம் எனக்கு வேறில்லை. பல்லாயிரம் செல்களாகப் பெருகிவிட்ட ஓர் உயிர் இரையில்லாமல், சூடில்லாமல், நாள்கணக்கில் அப்படியே உறங்குகிறது.

இந்த உறக்கம் எதற்கு என்று யோசித்தால் தாயின் நிலைமை புரியும். ஒரு நாட்டுக்கோழி ஒரு சுற்றில் பத்துப் பதினைந்து முட்டை இடுகிறது. நாளுக்கு ஒன்றாக, நடுவில் ஒரு நாள் இரு நாள் விட்டு. இட்ட அன்றே ஒவ்வொன்றும் வளரத் தொடங்கினால் முதல் குஞ்சு வெளியே வந்து இரண்டு வாரம் கழித்துத்தான் கடைசிக் குஞ்சு வரும். நடக்கும் குஞ்சுகளை மேய்க்கப் போவாளா, மிச்ச முட்டைகளின் மேல் உட்காருவாளா? அதனால் முதல் முட்டை கடைசி முட்டைக்காகக் காத்திருக்கிறது. தாய்க்கு அடைச்சூடு ஏறி, இறகு உதிர்ந்த வெறும் வயிற்றுத்தோல் படும்படி உட்கார்ந்ததும் எல்லாம் ஒன்றாக விழித்து வளரத் தொடங்கி, 21ஆம் நாளை ஒட்டி ஒன்றாகப் பொரிக்கின்றன. இரண்டு வாரம் முன்பின்னாக இட்டவை ஒரே பொழுதில் கீச்சிடுவதைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

இந்த உறக்கத்துக்கு ஒரு சூட்டெல்லை உண்டு. 21 டிகிரி செல்சியஸை ஒட்டி என்று சிலரும், இன்னும் நாலைந்து டிகிரி மேலே என்று சிலரும் கணக்கிடுகிறார்கள். அதற்குக் கீழே கரு உறங்குகிறது. ஒழுங்காக வளர 37.5 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். ஆபத்து இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. முப்பது, முப்பத்திரண்டு டிகிரியில் கரு உறங்கவும் மாட்டாது, உருப்படியாக வளரவும் மாட்டாது. அரைகுறையாகச் செல் பிரிந்து, ஒரு பக்கம் வளர்ந்து ஒரு பக்கம் பின்தங்கி, நாலைந்து நாளில் ஓய்ந்துவிடும். எங்கள் வீட்டில் ஓர் ஐப்பசியில் ஓடு ஒழுகி விதைநெல் மூட்டையின் ஒரு மூலை நனைந்துவிட்டது. காயவைத்து எடுத்தார்கள், பார்வைக்கு மற்ற நெல்லைப் போலவேதான் இருந்தது. நாற்றங்காலில் விட்டபோது அந்த மூலை நெல் முளைக்கவில்லை. முளைக்கத் தொடங்கி நின்றுபோன நெல்லுக்கு மறுபடி தொடங்கத் தெம்பில்லை. சித்திரை முட்டையும் அப்படித்தான்.

துறையூர் இருப்பது திருச்சி மாவட்டத்தில். சித்திரை வைகாசியில் திருச்சி, கரூர் பக்கம் பகல் வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது. பொழுது சாய்ந்த பிறகும் தாழ்வாரத்து ஓடு சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். இரவிலேகூட 26, 27 டிகிரிக்குக் கீழே இறங்காத நாள்கள் பல. அரிசிப் பானையிலோ அலமாரி மேல் தட்டிலோ வைத்த முட்டைக்குக் கண்மூட இடமே இல்லை. இந்த வாசகி, கோழி இட்டுச் சேரச் சேர எடுத்து, இரண்டு வாரம் சமையலறை அலமாரியில் வைத்திருந்ததாக எழுதியிருக்கிறார். தை மாதத்திலும் அதே அலமாரிதான். ஆனால் தையில் அந்த இடம் குளிர்ந்திருந்தது.

இடி பாவம், பழி சுமக்கிறது. கோடையிடி வரும் மாதமும் முட்டை வெப்பத்தில் கெடும் மாதமும் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டோம். சத்தத்தால் கரு கலைவதில்லை. இரும்புத்துண்டு கிடந்தால் கிடக்கட்டும், அதனால் கெடுதல் இல்லை. ஆனால் அதைப் போட்டுவிட்டோம் என்ற தைரியத்தில் அலமாரிச் சூட்டைக் கவனிக்காமல் விடுவதுதான் கெடுதல்.

என் பெரியம்மா இதற்கெல்லாம் விளக்கம் சொன்னதில்லை. அவர் வீட்டில் தண்ணீர்ப் பானைகள் மணல் பரப்பிய மூலையில் இருக்கும். பானை கசிந்து கசிந்து மணல் எப்போதும் சில்லென்றிருக்கும். கோழி இறங்கிய சிறிது நேரத்தில் முட்டையை எடுத்து வருவார். கழுவ மாட்டார், எச்சம் பட்டிருந்தால் தேங்காய் நாரால் வறட்டுத் துடைப்பு. பானைக்குப் பக்கத்து மணல்மேல் பழைய வேட்டித் துணி மடித்து, அதன்மேல் கூர்முனை கீழே இருக்கும்படி நட்டுவைப்பார். "கழுவினா உள்ள தண்ணி எறங்கிரும்டா" என்பார். உண்மையும் அதுதான். ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. முட்டை இடும்போதே அதன்மேல் படியும் மெல்லிய பூச்சு அந்தத் துளைகளைக் காக்கிறது. கழுவினால் அது போய்விடும், கிருமி உள்ளே போகும்.

கால்நடை அறிவியல்காரர்கள் இன்று சொல்லித்தரும் முறையும் ஏறக்குறைய இதுவே: அகன்ற மண்சட்டியில் ஈரமணல், மேலே பருத்தித் துணி, அதன்மேல் முட்டை, சட்டி வைக்க நிழலும் காற்றோட்டமும் உள்ள இடம். மணலில் நீர் காய்ந்து ஏறும்போது சட்டி குளிர்கிறது. உள்மாவட்டத்து வறண்ட காற்றில் இது நன்றாக வேலை செய்யும். கடலோரத்துப் புழுக்கத்தில் அவ்வளவு குளிராது, அங்கே நாளைக் குறைத்துக்கொள்வதே வழி. மணல் சொதசொதவென்று இருந்தால் பூஞ்சை பிடிக்கும். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது.

எந்த இடமானாலும் ஒரு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள். ஏழு நாள் தாண்டினால் குளிரில் உறங்கும் கருவும் நாளுக்கு நாள் தளரும். கோடையில் மூன்று நான்கு நாள் போதும். இரண்டு வாரம் சேர்த்த 13 முட்டையைவிட நான்கு நாளில் சேர்ந்த மூன்று நான்கு முட்டைகளை நம்பலாம். பக்கத்து வீட்டிலும் சேவலோடு மேயும் கோழி இருந்தால் அங்கே இரண்டு நாளில் இட்டதை வாங்கிச் சேர்த்து வைக்கலாம். குளிர்சாதனப் பெட்டி வேண்டாம்; அங்கே 4, 5 டிகிரிக் குளிர், கரு தாங்காது. அதிலிருந்து எடுத்த முட்டை வேர்க்கும், அந்த வேர்வையோடு அழுக்கும் துளைவழி உள்ளே இறங்கும்.

இன்னொன்று, இட்ட முட்டையைக் கூட்டிலேயே விட்டுவைப்பது. நாலைந்து கோழி ஒரே கூடையில் இடும் வீடுகளில் ஒவ்வொன்றும் இட வரும்போது முந்தைய முட்டைகளின் மேல் அரை மணி, ஒரு மணி உட்காருகிறது. முட்டை விழிக்கிறது, ஆறுகிறது, மறுபடி விழிக்கிறது. அன்றன்றைக்கு எடுத்துவிட வேண்டும். அடை வைத்த பிறகும் மற்றக் கோழிகள் வந்து அதே கூடையில் இடும். பெரியம்மா அதற்காகவே அடை முட்டைகளில் கரித்துண்டால் கோடு இழுத்துவிடுவார். கோடில்லாதது வந்து சேர்ந்தால் அன்றைக்கே வெளியேறிவிடும்.

இப்போது ஊருக்கு ஊர் சின்ன அடைகாப்பான் இயந்திரம் வந்துவிட்டது. நல்ல பொருள்தான். ஆனால் 37.5 டிகிரியை விடாமல் காக்கும் இயந்திரத்துக்குள், வெயிலில் மூன்று வாரம் கிடந்த முட்டையைப் போட்டுவிட்டு இயந்திரத்தைக் குறை சொல்வதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கருவுக்கு நாம் செய்யும் துரோகம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

அதைவிட வருத்தம், அடைக்கோழியை நடத்தும் விதம். முட்டை வேண்டும், அடை வேண்டாம் என்று கோழியைத் தண்ணீரில் முக்கி எடுக்கிறார்கள்; மூக்குத் துவாரத்தில் இறகைச் செருகி அலையவிடுகிறார்கள். அடை என்பது அதன் ரத்தத்தில் ஊறும் ஒரு சுரப்பின் வேலை, பிடிவாதம் அல்ல. வயிற்றுக்குச் சூடு தங்காதபடி, அடியில் காற்றோடும் கம்பிக் கூண்டில், இரையும் தண்ணீரும் வைத்து நாலைந்து நாள் விட்டால் அதுவாகவே தெளிந்து சேவலோடு சேரும். வெள்ளை லெகார்ன் போன்ற முட்டைக் கோழிகளில் தலைமுறை தலைமுறையாகத் தெரிவு செய்து இந்த அடைக்குணத்தையே அழித்துவிட்டோம். சிறுவிடை போன்ற நாட்டுக்கோழிகளிடம் அது இன்னும் மிச்சமிருக்கிறது. அதை ஒரு குற்றமாகப் பார்த்து அடிப்பது என்ன நியாயம்?

வைத்த பிறகு செய்ய வேண்டியது கொஞ்சம்தான். முட்டையைத் தாயே அலகால் நாளுக்குப் பலமுறை புரட்டிவிடும். புரட்டாவிட்டால் கரு ஓட்டுச் சவ்வோடு ஒட்டிவிடும். ஏழாம் நாள் இரவு கைப்பேசி வெளிச்சத்தை முட்டையின் அகன்ற முனையில் வைத்துப் பாருங்கள். நடுவில் ஒரு கரும்புள்ளியும் அதிலிருந்து கிளைத்த சிவப்பு நரம்புகளும் தெரிந்தால் நல்லது. வெறும் மஞ்சள் நிழல் என்றால் கரு கூடாதது, அல்லது விழித்ததும் செத்தது. நரம்பு இல்லாமல் ரத்த வளையம் ஒன்று தெரிந்தால் வளர்ந்து நின்றது. இரண்டையும் எடுத்துவிடலாம், விட்டால் அழுகி, வெடித்து, மற்றவற்றையும் கெடுக்கும். கடைசி நாள்களில் வெந்நீரில் மிதக்கவிட்டு ஆடுகிறதா என்று பார்க்கும் பழக்கம் உண்டு. விரிசல் விட்ட முட்டையில் தண்ணீர் புகுந்தால் குஞ்சு மூச்சு முட்டிச் சாகும். விளக்கு இருக்கும்போது தண்ணீர் எதற்கு?

19, 20ஆம் நாளில் குஞ்சு முதலில் முட்டைக்குள் உள்ள காற்றறையைக் குத்தி மூச்சுவிடத் தொடங்கும். கீச்சுக் குரல் அப்போதே கேட்கும். பிறகுதான் அலகு நுனியிலுள்ள சின்னக் கொம்பால் ஓட்டில் ஒரு பொத்தல். அதிலிருந்து முழுதாக வெளியேற அரை நாள், சிலவற்றுக்கு அதற்கு மேலும் ஆகும். தாமதமாகிறதே என்று ஓட்டை உரிக்க வேண்டாம். மிச்ச மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுபட்டு, சவ்வின் ரத்தக்குழாய்கள் வற்றும் நேரம் அது. உரித்தால் ரத்தம் கசிந்து குஞ்சு போய்விடும். வயிற்றில் இழுபட்ட மஞ்சளே இரண்டு நாளுக்கு இரை. அதனால் முதல் குஞ்சு வந்ததும் அரிசி நொய்யைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. தாய் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு தானே இறங்கட்டும்.

பிறகு வெள்ளைக்கழிச்சல். ஒரே வாரத்தில் பட்டியையே காலி செய்யும் நோய் அது. பொரித்த ஐந்திலிருந்து ஏழு நாளுக்குள் குஞ்சுகளுக்கு லசோட்டா தடுப்பு மருந்து, கண்ணில் ஒரு சொட்டு. அரசுக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். வலுக்குறைந்த உயிருள்ள கிருமியைக் கொண்டு தயாரித்த மருந்து என்பதால் சூடு பட்டால் வீணாகும். பனிக்கட்டி போட்ட குடுவையில் எடுத்து வந்து, வெயில் ஏறுவதற்கு முன், கலக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடித்துவிடுங்கள்.