பிசினும் வனிலாவும் கலந்த பரிமளம்

வாசனைத் திரவியம் என்றதும் மல்லிகை, ரோஜா முதலிய புஷ்பங்களையே நினைப்பவர் பலராயினும், மரப்பிசினையும் வனிலாவையும் ஆதாரமாகக் கொண்ட பரிமளங்களுக்கு உள்ள கம்பீரம் பூமணங்களுக்கு வாய்ப்பதில்லை என்பதே என் அபிப்பிராயம். பாரிஸ் நகரத்துக் கெர்லேன் ஸ்தாபனத்தார் 1925-ஆம் ஆண்டில் வெளியிட்ட, மொகலாயத் தோட்டத்தின் பெயர் பூண்ட ஷாலிமார் இவ்வினத்தில் தலைசிறந்தது. அதை ஆக்கியவர் ழாக் கெர்லேன்.

மணிக்கட்டில் ஒரு துளி இட்டவுடன் எழுவது பெர்கமாட் என்னும் எலுமிச்சையினப் பழத்தோலின் சுறுசுறுப்பான மணம். சிறிது நேரத்தில் அது விலக, புகையும் பதனிட்ட தோலும் கலந்தாற்போன்ற கடுமையான ஒரு வாசனை, சற்றே மருந்துக் கடையை நினைவூட்டிக்கொண்டு தலைதூக்குகிறது. இந்தக் கட்டத்தில் சலித்துக் கையைக் கழுவிவிடாமல் பொறுத்திருப்பவர்க்கு, உடம்பின் சூட்டில் பிசின்களின் மணம் மெல்ல மெல்ல விரிந்து, அவற்றினூடே வனிலாவின் இனிமை கசிந்து வரும் அநுபவம் கிட்டுகிறது. எளிதில் ஆவியாகும் பொருள்கள் முதலிற் பறந்துவிட, வனிலாவின் மணத்துக்கு மூலமான வனிலின் என்னும் கனமான பொருளும் பிசினும் தோலைப் பற்றிக்கொண்டு நின்று மணப்பதே இதன் காரணம். பிசினிலுள்ள இலேசான கசப்பு, அந்த இனிமை திகட்டிவிடாதபடி காக்கிறது.

இவ்விரண்டும் இவ்வளவு இசைந்து போவதில் ஆச்சரியமில்லை. சியாம் தேசத்துச் சாம்பிராணியில் வனிலின் இயற்கையாகவே சிறிது உண்டு. தலைமுழுகிய கூந்தலுக்குச் சாம்பிராணிப் புகை காட்டிப் பழகிய நமக்கு இந்த மணத்தின் அடிப்பாகம் அந்நியமாகத் தோன்றுவதில்லை. மேலும், 1874-இல் ஜெர்மானிய ரசாயன நிபுணர்களான டீமனும் ஹார்மனும் வனிலினைச் செயற்கையாக ஆக்கியபோது, அதற்கு மூலப்பொருள் தந்ததும் பைன் இன மரங்களின் சாறே. ஷாலிமாரில் சேர்க்கப்பட்ட எதில்வனிலின் என்னும் செயற்கைப் பொருளோ வனிலினைக் காட்டிலும் பன்மடங்கு வீரியமுள்ளது.

இயற்கை வனிலாவின் கதையோ நெஞ்சை வருத்துவது. மெக்ஸிகோவின் அந்த ஆர்க்கிட் கொடி அந்நிய மண்ணில் பூத்தும் காய்க்காதிருக்க, 1841-இல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் அல்பியுஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன், சிறு குச்சியால் பூவினுள்ளிருக்கும் மெல்லிய தடுப்பை விலக்கி, மகரந்தத்தைச் சூலகமுடியில் அழுத்திக் காய்க்கச் செய்யும் உபாயத்தைக் கண்டான். இன்றளவும் தோட்டங்களில் ஒவ்வொரு பூவும் கையாலேயே இவ்வாறு தீண்டப்படுகிறது. உலகுக்கு இந்த ஐசுவரியத்தை அளித்த அவரோ வறுமையிலேயே மாண்டார். வனிலாவை முகரும் ஒவ்வொருவரும் அவர் பெயரை அறிந்திருத்தல் வேண்டும்.

இத்தகைய பரிமளத்தை வாங்க விரும்பும் அன்பர்கள், கடையில் காகிதத் துண்டை முகர்ந்து உடனே தீர்ப்புச் சொல்லாமல், மணிக்கட்டில் ஒரு துளி இட்டுக்கொண்டு வீடு திரும்பி, மாலைவரை பொறுத்திருந்து முடிவு செய்யுங்கள். வனிலின் நாளடைவில் பழுப்பேறும் ஸ்வபாவமுடையதாகையால், வெள்ளை வஸ்திரத்தின்மேல் மட்டும் தெளிக்க வேண்டாம்.