பயணியின் கேமரா – 9: கைகளை வெட்டாதீர்கள்

சென்ற வாரம் வெளிச்சத்தின் திசையைப் பற்றிப் பேசினோம். இந்த வாரம் ஃபிரேமுக்குள் எதை வைப்பது, எதை வெட்டுவது, எடுத்த படத்தை எவ்வளவு தூரம் திருத்துவது என்ற கேள்விகளுக்கு வருகிறோம். இதற்கு மும்பையைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. இந்தியாவில் கேமரா முதலில் வேரூன்றிய நகரங்களில் அது ஒன்று. பம்பாய் ஃபோட்டோகிராஃபிக் சொசைட்டி 1854இல் தொடங்கியது. அதன் தொடக்க கால உறுப்பினரான வில்லியம் ஜான்சன், அந்நகரில் வாழ்கிற, வந்துபோகிற பல சமூகத்தாரின் உருவப்படங்களை 1863இலும் 1866இலும் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். அவற்றில் பல, ஆட்களைத் தனியாக நிற்கவைத்து எடுத்து, உருவங்களைக் கத்தரித்து, வேறொரு சமயம் எடுத்த பம்பாய்க் காட்சிகளின்மேல் பொருத்திச் செய்தவை. ஆட்கள் தங்கள் கடையிலிருந்தும் பட்டறையிலிருந்தும் பிரிக்கப்பட்டு, அவர்களுக்குச் சம்பந்தமில்லாத அழகான இடத்தில் நிறுத்தப்பட்டார்கள். படத்தின் கீழே இருந்தது சமூகத்தின் பெயர். ஆளின் பெயர் அல்ல. இன்று கைபேசியின் போர்ட்ரெய்ட் மோட் முகத்தின் விளிம்பைக் கணக்கிட்டுப் பின்னணியைக் கரைக்கும்போது அதே வேலையின் பாதியை நொடியில் முடித்துவிடுகிறது. பயணப் படங்களில் நடக்கும் மிகப் பெரிய திருத்தம் கிராப் செய்வதுதான் என்பது என் கட்சி. நிறத்தைக் கூட்டுவது குறைப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மும்பையின் தாராவியில் இது மிகத் தெளிவாகத் தெரியும். ஏறத்தாழ இரண்டு சதுர கிலோமீட்டருக்குள் எத்தனை தொழில்கள்! கும்பார்வாடாவில் சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்களின் சூளைகள். பதின்மூன்றாம் காம்பவுண்டில் ரகம் பிரித்து நொறுக்கப்படும் பிளாஸ்டிக். கவிழ்த்த கூடைகளின்மேல் காயும் அப்பளம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து போன நம்மவர்கள் தலைமுறைகளாக ஈடுபட்ட தோல் தொழில். விடியுமுன் அவித்து, சைக்கிளில் நகரெங்கும் கொண்டுபோய் விற்கப்படும் இட்லி. இவ்வளவும் கண்ணெதிரே இருக்க, வந்துபோகிறவர்களின் படங்களில் அடிக்கடி மிஞ்சுவது ஒரு குழந்தையின் பெரிய கண்கள், அல்லது சுருக்கம் விழுந்த ஒரு முகம், பின்னால் மங்கலான தகரம். தாராவிக்கு ஆட்களை அழைத்துச் செல்லும் ரியாலிட்டி டூர்ஸ் நிறுவனம், சுற்றுலாவின்போது படம் எடுக்கக் கூடாது என்று விதி வைத்திருப்பதில் எனக்கு வியப்பில்லை. குடியிருப்பவர்களின் அந்தரங்கத்தைக் காப்பதுதான் அந்த விதியின் நோக்கம். ஆனால் இப்படிப்பட்ட படங்களைப் பார்த்தவர்களுக்கு அதில் இன்னொரு நியாயமும் தெரியும். 2022 நவம்பரில் தாராவி மறுசீரமைப்புக்கான ஏலத்தில் அதானி குழுமம் வென்றதிலிருந்து, யார் அங்கே இருப்பது, யார் வெளியேறுவது என்பதே அந்த மக்களின் முதல் கேள்வியாகிவிட்டது. அந்த இடத்தின் உழைப்பை வெட்டி எறிந்துவிட்டு முகத்தை மட்டும் ஊருக்குக் காட்டும் படம் இந்தச் சமயத்தில் அவர்களுக்குச் செய்யும் தீங்கு சிறியதல்ல.

அதனால்தான் கைகளை வெட்டாதீர்கள் என்கிறேன். மாட்டுங்கா ஸ்டேஷன் அருகே பூக்கட்டும் அம்மாவின் முகம் எவ்வளவு சொல்கிறதோ, அவ்வளவு சொல்பவை நாரைச் சுழற்றும் விரல்கள். நெஞ்சுக்கு மேல் நிறுத்தும் படத்தை இடுப்பு வரை இறக்கினாலே கையும் கூடையும் உள்ளே வந்துவிடும். மணிக்கட்டிலோ முழங்கையிலோ வெட்டினால் கை துண்டானதுபோல் தோன்றும். மூட்டுகளுக்கு நடுவே வெட்டுங்கள். கைபேசியின் சாதாரண லென்ஸ் 24 மில்லிமீட்டர் அளவிலான அகலக் கோணம். ஒரு கை தூரத்தில் அதைப் பிடித்தால் மூக்கு பெரிதாகும், காதுகள் பின்வாங்கும். லென்ஸைவிட நெருக்கம்தான் இதற்குக் காரணம் என்பதால், இரண்டு மீட்டராவது பின்னால் போய் இரண்டு மடங்கு லென்ஸுக்கு மாறுவது நல்லது. தாராவிச் சந்துகளில் பின்னால் போக இடம் ஏது என்று கேட்பீர்கள். குறுக்கே இடமில்லை, நீளவாக்கில் இருக்கிறது. சந்து ஓடும் திசையிலேயே நின்று, வாசற்படியில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால் தூரமும் கிடைக்கும், பின்னாலுள்ள பட்டறையும் ஃபிரேமுக்குள் வரும். கேமராவில் எடுப்பவர்கள் எஃப் 1.8 மோகத்தை விட்டு 5.6க்கோ 8க்கோ வந்தால் சூளை சூளையாகவே தெரியும்.

பின்னணியில் எல்லாம் தெரிந்தால் கண் அலையும், எளிமைதானே கம்போஸிஷன் என்பது நியாயமான ஆட்சேபம். ஆனால் இரைச்சல் வேறு, சான்று வேறு. தலைக்குப் பின்னால் கொம்புபோல் முளைக்கும் கம்பம், ஓரத்தில் பாதி தெரியும் வாளி, கூரைகளுக்கிடையே கண்ணைப் பறிக்கும் வெள்ளை வானத்துண்டு இவையெல்லாம் இரைச்சல். அரை அடி இடப்புறம் நகர்ந்தாலே பாதி போய்விடும். மீதியைக் கிராப்பில் எடுக்கலாம். அதற்கும் ஒரு கணக்கு உண்டு. 6000க்கு 4000 பிக்ஸல் படத்தை நீளத்திலும் அகலத்திலும் பாதியாக்கினால் 24 மெகாபிக்ஸல் ஆறாகிவிடும். கைபேசித் திரைக்கு அது ஏராளம், சுவரில் பெரிதாக மாட்டும் பிரிண்டுக்குப் போதாது. ஆகவே எடுக்கும்போதே முடிவு செய்யுங்கள்.

புகைப்படக்காரர் டோரத்தியா லாங்கே 1936இல் கலிஃபோர்னியாவின் நிப்போமோவில் எடுத்த புலம்பெயர்ந்த தாயின் படத்தைச் சொல்லி மறுப்பவர்களும் உண்டு. அவர் படிப்படியாக நெருங்கி, கூடாரமும் வயலும் வெளியேறும்படி எடுத்த படம்தானே உலகை உலுக்கியது? உண்மை. அதிலும் கன்னத்தில் பதிந்த அந்தக் கை இருக்கிறது, தோள்களில் முகம் புதைத்த குழந்தைகள் இருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். ஆனால் அந்தப் பெண் பல பத்தாண்டுகள் பெயரில்லாமலே இருந்தார். 1978இல் அடையாளம் தெரியவந்தபோது, அந்தப் படம் எடுக்கப்படாமலே இருந்திருக்கலாம் என்ற மனக்குறையைத்தான் சொன்னார். நெருக்கம் படத்தை வலிமையாக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த வலிமைக்கான விலையைக் கொடுத்தது எடுத்தவர் அல்ல.

தாராவியிலேயே வேறு வழி காட்டியவர் நார்வேயின் யோனஸ் பெண்டிக்ஸன். நேஷனல் ஜியோகிராஃபிக் 2007 மே இதழில் தாராவியைப் படமெடுத்த அவர், 2008இல் கராகஸ், நைரோபி, ஜகார்த்தா, மும்பை ஆகிய நான்கு நகரங்களின் குடிசைப் பகுதிகளைப் பற்றி ஒரு புத்தகம் கொண்டுவந்தார். ஒவ்வொரு வீட்டிலும் நான்கு சுவர்களையும் எடுத்து, அந்த வீட்டார் தங்கள் வாழ்க்கையைச் சொல்வதையும் சேர்த்தார். அலமாரி, சாமி படம், டிவி, அடுக்கிய பாத்திரம் எதையும் அவர் வெட்டவில்லை. பரிதாபத்தோடு பார்க்க வந்தவர், இது நம் வீடுபோலத்தானே இருக்கிறது என்று நினைக்க வேண்டியிருக்கும். மும்பை மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளர்களை வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்து எடுத்த சுதாரக் ஓல்வேயின் கறுப்பு வெள்ளைப் படங்களையும் இதோடு வைத்துப் பாருங்கள். வேலை ஃபிரேமுக்குள் இருப்பதால்தான் அந்த முகங்களின் கோபம் நமக்குப் புரிகிறது.

இனி எடிட்டிங். 2016இல் இத்தாலியில் ஒரு கண்காட்சியில், புகைப்படக்காரர் ஸ்டீவ் மெக்கரியின் கியூபா படம் ஒன்று தப்பாக ஒட்டுப்போடப்பட்டிருந்ததைப் பார்வையாளர் ஒருவர் கண்டுபிடித்தார். அதன்பின் அவருடைய வேறு சில படங்களில் ஆட்களே நீக்கப்பட்டிருந்தது வெளிவந்தது. தன்னைப் பத்திரிகைப் புகைப்படக்காரராகப் பார்க்க வேண்டாம், காட்சியால் கதை சொல்பவராகப் பாருங்கள் என்பது அவர் பதில். நாங்களும் சுற்றுலாப் பயணிகள்தானே, எங்களுக்கு ஏன் பத்திரிகைச் சட்டம் என்று வாசகர்களும் கேட்கலாம். வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ போட்டி 2015இல் இறுதிக்கு முந்தைய சுற்றுக்கு வந்த படங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அளவுமீறிய திருத்தத்துக்காக விலக்கியது. அந்தக் கெடுபிடி நமக்கு வேண்டாம் என்பது சரிதான். ஆனால் செம்பூர் சேடா நகர் முருகன் கோயில் படியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் உங்கள் கேமராவைப் பார்த்தது, தான் இருக்கிறபடி பதிவாவதாக நம்பித்தான். பார்க்கிறவரும் அப்படித்தான் நம்புகிறார். நம்புகிற இருவருக்கும் எடுத்தவர் பொறுப்பு.

கிளாரிட்டி ஸ்லைடரை ஏற்றினால் அந்தப் பெரியவரின் ஒவ்வொரு சுருக்கமும் வெடிப்பாகி, சாந்தமான முகம் துயரம் பூசிக்கொள்ளும். கண்ணை மட்டும் பளிச்சென்று ஆக்குவதும் இதே ரகம். செய்ய வேண்டியவை சிலவே: சாய்ந்த படத்தை நேராக்குங்கள், நிழலை முகம் தெரியுமளவு மட்டும் தூக்குங்கள், நிறத்தைச் சரிசெய்யுங்கள். மழைக்காலத்துக்கு முன் தாராவியின் கூரைகளில் நீலத் தார்ப்பாய் ஏறிவிடும். அதனூடே வரும் ஒளி கன்னத்தை நோயாளியின் நிறத்துக்குக் கொண்டுபோகும். ஒயிட் பேலன்ஸை மஞ்சள் பக்கம் நகர்த்தி அதை மீட்பது உண்மைக்குத் திரும்புவதுதான். தோலை வெளுக்க வைப்பது அப்படியல்ல. கோடாக் நிறுவனத்தின் நிறச் சோதனை அட்டைகளில் நெடுங்காலம் இருந்தவர்கள் வெள்ளைத் தோல் பெண்கள். 2021இல்தான் கூகுள் தன் பிக்ஸல் 6 கைபேசியில் கறுத்த தோலை ஒழுங்காகக் காட்டுவதற்கென்று ரியல் டோன் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பல கைபேசிகளின் பியூட்டி ஃபில்டர் இன்றும் கேட்காமலே வெளுக்கிறது. எடுப்பதற்கு முன் அதை அணைத்துவிடுங்கள். நம் ஊர் ஸ்டூடியோக்காரர்களும் அப்படித்தானே டச்சப் செய்தார்கள், மக்களும் அதைத்தானே விரும்பினார்கள் என்றால், ஆம், விரும்பினார்கள். தன் முகத்துக்குத் தானே காசு கொடுத்து, எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இருந்தது. வழிப்போக்கருக்கு அந்த உரிமை இல்லை. பூக்காரம்மாவே பிரிண்ட் கேட்டு, முகத்திலுள்ள தழும்பை எடுத்துவிடச் சொன்னால் தயங்காமல் எடுத்துக் கொடுங்கள். ஊருக்குக் காட்ட நீங்கள் வைத்துக்கொள்ளும் பிரதியில் தழும்பு இருக்கலாமா என்பதையும் அப்போதே அவரிடம் கேட்டுவிடுங்கள்.