வரைபடம் வரையும் கைகள்: கட்டடக்கலைத் தொழில்நுட்பர் ஆவது எப்படி?

சென்ற ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு நாள், தாராவி தொண்ணூறு அடிச் சாலைப் பகுதியில் வசிக்கும் வாடிக்கையாளர் ஒருவர் எங்கள் கிளைக்கு வந்தார். விடியற்காலையில் இட்லி அவித்து விற்றுப் பல ஆண்டுகளாகச் சேர்த்த நிரந்தர வைப்புத் தொகையை, முதிர்வுக்கு முன்பே முறித்துத் தரும்படி கேட்டார். காரணம் வினவினோம். "எம் பிள்ளை நல்லா வரைவான் சார். பத்தாவது பாஸ் பண்ணிட்டான். ஆறு மாசம் கம்ப்யூட்டர்ல படிச்சா ஆர்க்கிடெக்ட் ஆயிடலாம்னு சொல்றாங்க. சனிக்கிழமைக்குள்ள பணம் கட்டணும்" என்றார்.

முறிவுப் படிவத்தை நீட்டுவது எங்களுக்கு இரண்டு நிமிட வேலை. ஆயினும் அவரை அமரச் செய்து சில செய்திகளைச் சொன்னோம். மாதுங்கா, செம்பூர் பகுதிகளிலிருந்து வரும் பெற்றோர் பலரும் இதே கேள்விகளோடு எங்களை அணுகுவதால், அன்று பேசியவற்றையும் அதன்பின் திரட்டியவற்றையும் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

ஆர்க்கிடெக்ட் வேறு, தொழில்நுட்பர் வேறு

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். 1972-ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, கட்டடக்கலை மன்றத்தில் பதிவு பெற்றவர் மட்டுமே தம்மை 'ஆர்க்கிடெக்ட்' என்று அழைத்துக்கொள்ளலாம். அதற்கு வழிவகுக்கும் பி.ஆர்க். பட்டப்படிப்பு ஐந்து ஆண்டுகள் கொண்டது. ஆறு மாதக் கணினிப் பயிற்சி எவரையும் ஆர்க்கிடெக்ட் ஆக்காது.

ஆனால் ஆர்க்கிடெக்டின் எண்ணத்தைக் கட்டடமாக்க வேண்டுமாயின், இடையில் மற்றொருவர் தேவை. மனையை அளப்பவர், தரைப்படம், வெட்டுமுகம், முகப்புத் தோற்றம் ஆகியவற்றை வரைபவர், மாநகராட்சி அனுமதிக்கான படங்களை விதிப்படி ஒழுங்குசெய்பவர், கதவு சன்னல்களின் பட்டியலையும் பொருள்களின் அளவையும் கணக்கிடுபவர் அவரே. நம் நாட்டில் இவரை டிராஃப்ட்ஸ்மேன் என்றும் ஆர்க்கிடெக்சுரல் அசிஸ்டெண்ட் என்றும் அழைக்கின்றனர். கட்டடக்கலைத் தொழில்நுட்பர் என்பது இவருக்குப் பொருந்தும் பெயர். பிரிட்டனில் இத்தொழிலினர் 1965-இல் தமக்கெனத் தனிச் சங்கம் கண்டனர்; அச்சங்கம் 2005-இல் அரச சாசனமும் பெற்றது.

இத்தொழிலில் துல்லியம் ஏன் முதன்மையானது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில் தகுதி பெறும் குடியிருப்போருக்கு 350 சதுர அடி வீடு என்று அறிவிக்கப்பட்டுள்ளது. அது ஏறத்தாழ 32.5 சதுர மீட்டர். நூற்றுக்கு ஒன்று என்ற அளவீட்டில் அதனைத் தாளில் வரைந்தால் 32.5 சதுர சென்டிமீட்டர் ஆகும். ஓர் அஞ்சலட்டையின் மூன்றில் ஒரு பங்கைவிடவும் சிறியது. அதற்குள் கூடம், சமையலறை, குளியலறை, கழிப்பறை அனைத்தும் அடங்க வேண்டும். அப்படத்தில் ஒரு மில்லிமீட்டர் பிழைத்தால் தரையில் பத்து சென்டிமீட்டர் பிழைக்கும். பெரிய மாளிகையில் அது கண்ணுக்குப் படாமல் போகலாம். சிறிய வீட்டிலோ, கதவு முழுவதும் திறவாது. கட்டிலைப் போட்டால் நடக்க வழியிராது.

வீட்டுக்கடன் வழங்கும் நாங்களும் இவர்தம் உழைப்பை நாள்தோறும் காண்கிறோம். அனுமதி பெற்ற வரைபடம் இல்லாமல் கடன் கோப்பு நகர்வதில்லை. 2016-ஆம் ஆண்டின் மனைவணிக ஒழுங்குமுறைச் சட்டம், சுவர்களுக்கு உட்பட்ட பயன்பாட்டுப் பரப்பாகிய 'கார்ப்பெட் ஏரியா'வைக் கொண்டே வீட்டின் அளவைக் கூற வேண்டும் என்கிறது. வரைபடத்தில் உள்ள எண்ணும் கட்டிய வீட்டின் அளவும் ஒத்துவராதபோது இழப்பது வீடு வாங்கியவரே.

மும்பையில் ஒரு பழைய மரபு

இப்படிப்பு மும்பைக்குப் புதிதன்று. 1857-இல் தொடங்கப்பெற்ற சர் ஜே.ஜே. கலைப்பள்ளியில், 1896-இல் டிராஃப்ட்ஸ்மேன் வகுப்பு ஒன்று ஏற்படுத்தப்பட்டது. ஆர்க்கிடெக்டுகளுக்கு உதவியாளர்களை உருவாக்குவதே அதன் நோக்கம். அவ்வகுப்பே பின்னாளில் வளர்ந்து, இன்று நாடு போற்றும் சர் ஜே.ஜே. கட்டடக்கலைக் கல்லூரி ஆயிற்று. நம் நாட்டின் கட்டடக்கலைக் கல்வியே வரைவாளர் வகுப்பில் வேர்கொண்டது என்பதை, 'வெறும் டிராஃப்ட்ஸ்மேன் படிப்பா?' என்று தயங்கும் பெற்றோர் நினைவிற்கொள்ளலாம்.

மாதுங்காவில் நாம் நாளும் கடந்து செல்லும் வி.ஜே.டி.ஐ. நிறுவனம் 1887-இல் பைகுல்லாவில் தோன்றி, 1923-இல் மாதுங்காவுக்கு இடம்பெயர்ந்தது. கட்டடப் பொறியியலைப் பட்ட அளவில் மட்டுமின்றி டிப்ளமா அளவிலும் கற்பித்துவரும் பெருமை அதற்கு உண்டு.

மூன்று வழிகள்

முதல் வழி ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையம். கணிதமும் அறிவியலும் படித்துப் பத்தாம் வகுப்பில் தேறியவர், 'டிராஃப்ட்ஸ்மேன் சிவில்' பிரிவில் இரண்டாண்டுகள் பயிலலாம். நிறைவில் தேசியத் தொழிற்சான்றிதழ் கிடைக்கும். அரசு நிலையங்களில் கட்டணம் மிகக் குறைவு.

இரண்டாம் வழி பாலிடெக்னிக். பத்தாம் வகுப்புக்குப்பின் மூன்றாண்டு டிப்ளமா. கட்டடக்கலை உதவியாளர் பிரிவு எல்லா இடங்களிலும் இல்லை. அது கிடைக்காதவர் சிவில் பிரிவைத் தேர்ந்தெடுக்கின்றனர். முன்னதில் வடிவமைப்பும் வரைதலும் மிகுதி. பின்னதில் கட்டுமானமும் நில அளவையும் மிகுதி. மகாராட்டிரத்தில் சேர்க்கையை மாநிலத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் பொது முறையில் நடத்துகிறது. ஈராண்டு ஐ.டி.ஐ. முடித்தவரும் பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் படித்தவரும் டிப்ளமாவின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம்.

மூன்றாம் வழி, டிப்ளமாவுக்குப் பின் மேலே ஏறுவது. டிப்ளமா முடித்தவர் பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் சேர இயலும். பி.ஆர்க். படிப்பில் அவ்வசதி இல்லை. டிப்ளமாவில் கணிதம் கட்டாயப் பாடமாக இருந்து, உரிய மதிப்பெண்ணும் நுழைவுத் தேர்வில் தகுதியும் பெற்றவர், முதலாண்டிலிருந்தே தொடங்க வேண்டும். ஆகவே, என்றேனும் ஆர்க்கிடெக்ட் ஆகும் எண்ணமுள்ள பிள்ளைகள் கணிதத்தைக் கைவிடலாகாது.

இவற்றோடு தொழில் பழகுநர் பயிற்சியும் உண்டு. 1961-ஆம் ஆண்டின் பழகுநர் சட்டப்படி, டிப்ளமா முடித்தவர் ஓராண்டு நிறுவனங்களில் உதவித்தொகையுடன் பணி பழகலாம். குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. இதனைக் கவனிக்கும் மேற்கு மண்டல வாரியத்தின் அலுவலகம் சயானிலேயே உள்ளது. செம்பூரிலிருந்தும் தாராவியிலிருந்தும் எளிதில் சென்றுவரும் தொலைவுதான்.

கணினி வரைதல் மென்பொருள்களைக் கற்பிக்கும் குறுகியகாலப் பயிற்சிகள் பயனற்றவை என்று நாங்கள் கூறவில்லை. ஆட்டோகேட், ரெவிட் போன்றவற்றை அறியாதவருக்கு இன்று அலுவலகங்களில் இடமில்லை. ஆனால் மென்பொருள் என்பது எழுதுகோல் போன்றது. சுவரின் கனம் எவ்வளவு, படிக்கட்டுக்கு எத்தனை படி, உத்திரம் எங்கே தாங்குகிறது என்பதைக் கற்றபின் அது கைகொடுக்கும். முதலில் அடிப்படைப் படிப்பு, உடன் அல்லது அதன்பின் மென்பொருள் என்பதே சரியான வரிசை.

பணம் கட்டும் முன்

எந்த நிலையத்தில் சேர்வதாயினும் பெற்றோர் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். சான்றிதழை வழங்குவது யார்? அதற்கு அரசின் அல்லது மாநிலத் தொழில்நுட்பக் கல்வி வாரியத்தின் ஏற்பு உண்டா? இடையில் விலகினால் கட்டணம் திரும்பக் கிடைக்குமா? விடைகளை எழுத்தில் பெற வேண்டும். 'சனிக்கிழமைக்குள்' என்று அவசரப்படுத்தும் இடத்தில் இன்னும் ஒரு வாரம் பொறுப்பது நலம்.

மும்பைத் தமிழ்க் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய மற்றொன்று உண்டு. தமிழ்நாட்டில் பெற்ற பட்டியல் சாதிச் சான்றிதழை மட்டும் காட்டி மகாராட்டிர மாநில ஒதுக்கீட்டையோ உதவித்தொகையையோ பெற இயலாது. அச்சாதி இம்மாநிலப் பட்டியலில் இருப்பதோடு, குடும்பத்தின் முன்னோர் 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே இங்கு வாழ்ந்தமைக்கும் ஆவணம் கேட்கப்படும். தாராவியில் தலைமுறைகளாக வாழும் பலரிடம் பழைய பள்ளிச் சான்றோ, பணிப் பதிவோ, வாடகைச் சீட்டோ பெட்டியின் அடியில் இருக்கக்கூடும். சேர்க்கைக் காலத்தில் தேடாமல், பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே தேடுங்கள். உரிய சான்று உள்ளவர் மகாடிபிடி இணையவாசல் வழியாக உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம்.

கடன் தேவைப்பட்டால்

ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் படிப்புகளுக்குத் திறன் மேம்பாட்டுக் கடன் உள்ளது. 2015-இல் 1.5 லட்சம் ரூபாயாக இருந்த அதன் உச்சவரம்பு, 2024 ஜூலையில் 7.5 லட்சமாக உயர்த்தப்பட்டது. இதற்குச் சொத்து ஈடு தேவையில்லை. பெற்றோர் உடன்கடனாளியாகக் கையொப்பமிடுவர். பட்டப்படிப்புக்கான கல்விக் கடனில் 4 லட்சம் ரூபாய் வரை ஈடும் வேண்டா, விளிம்புத் தொகையும் வேண்டா. படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டுவதில்லை.

ஆயினும் தவணை இல்லை என்பதற்கு வட்டி இல்லை என்பது பொருளன்று. ஒரு லட்சம் ரூபாய்க் கடன், வட்டி பத்து விழுக்காடு, முழுத்தொகையும் முதல் நாளே வழங்கப்பட்டது என்று கொள்வோம். மூன்றாண்டுப் படிப்பும் ஓராண்டு விடுப்பும் கழியும்போது தனிவட்டியே 40,000 ரூபாய் சேர்ந்திருக்கும். அதையும் சேர்த்து ஐந்தாண்டுகளில் அடைத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 2,975 ரூபாய். படிக்கும்போதே மாதம் 833 ரூபாய் வட்டியைக் கட்டிவந்தால், பின்னாளில் தவணை 2,125 ரூபாயாகக் குறையும். முதல் வேலையில் சேரும் பிள்ளைக்கு மாதம் 850 ரூபாய் என்பது சிறிய தொகையன்று.

சிறு தொகையே தேவையெனில், வைப்பை முறிக்காமல் அதன்மீதே கடன் பெறலாம். பொதுவாக வைப்பின் 90 விழுக்காடு வரை கிடைக்கும். வைப்பு தன் வட்டியை ஈட்டிக்கொண்டே இருக்கும். கடனுக்கு அதைவிட ஒன்று அல்லது இரண்டு விழுக்காடு மட்டுமே கூடுதலாகக் கட்ட நேரும்.

அன்று வந்த அன்னையார் எங்களிடம் கடன் எதுவும் பெறவில்லை. மகன் அரசு ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் பிரிவில் சேர்ந்தான். கட்டணம் கைப்பணத்திலேயே அடங்கிவிட்டது. வைப்பு முறிபடாமல் இருக்கிறது. டிப்ளமாவுக்குச் செல்லும்போது அது உதவும்.

பொங்கலையொட்டி அவர் மீண்டும் வந்தார். மகன் பயிற்சிக்காக வரைந்த தாள் ஒன்றைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். அவர்கள் வசிக்கும் வீட்டின் தரைப்படம் அது. ஏணி, தண்ணீர்த் தொட்டி, மாவு அரைக்கும் கிரைண்டர் இருக்கும் மூலை வரை அளவோடு குறித்திருந்தான். "எங்க வீடு இத்தனை அடின்னு இதுவரைக்கும் எங்களுக்கே தெரியாது சார்" என்றார் அவர்.

நாளை அப்பகுதியின் வீடுகள் அளக்கப்படும்போதும் புதிய வீட்டின் வரைபடம் கையில் தரப்படும்போதும், அதனைப் படித்து, சரியா தவறா என்று சொல்லக்கூடிய ஒருவன் அக்குடும்பத்தில் இருப்பான். உங்கள் வீட்டிலும் வரையும் கை உடைய பிள்ளை இருப்பின், பணம் கட்டும் முன் ஒருமுறை எங்கள் கிளைக்கு வாருங்கள். கடன் வேண்டாமெனினும் வாருங்கள், பேசுவோம்.