கடல் கடந்த குடித்தனம் – 7: இரண்டாவது பெயர்

ஹெச்-4 என்பது, அமெரிக்காவில் ஹெச்-1பி விசாவில் வேலை பார்ப்பவரின் கணவன் அல்லது மனைவிக்கும், 21 வயது நிரம்பாத மணமாகாத பிள்ளைகளுக்கும் தரப்படும் சார்பு விசா. கல்யாணமான கையோடு தமிழ்நாட்டிலிருந்து நியூஜெர்சிக்கும் டல்லாஸுக்கும் சான்ஹோசேக்கும் குடித்தனம் போகும் பெண்களில் மிகப் பலர் இந்த விசாவில்தான் போகிறார்கள். இதில் வருபவர் தங்கலாம், படிக்கலாம், கார் ஓட்டலாம். தனி அனுமதி இல்லாமல் சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது. கணவரின் விசா நிற்கும் வரைதான் மனைவியின் விசாவும் நிற்கும். வீட்டு ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, கார், காப்பீடு, மின்கட்டண ரசீது என எல்லாவற்றிலும் தொடக்கத்தில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கும். அதனால் புதுமணத் தம்பதி அங்கே காலூன்றுவது என்பது பெருமளவுக்கு, இரண்டாவது பெயரை ஒவ்வொரு ஆவணத்திலும் ஏற்றும் வேலைதான். மாலை வாடுவதற்குள் அந்த வேலை தொடங்கிவிடுகிறது.

மாப்பிள்ளைக்குக் கிடைப்பது பெரும்பாலும் மூன்று வார விடுப்பு. கல்யாணம், மறுவீடு, குலதெய்வம் கோயில், தூதரக நேர்முகம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டின் திருமணப் பதிவுச் சட்டப்படி, எந்த மதத்தினராக இருந்தாலும் 90 நாட்களுக்குள் திருமணத்தைப் பதிவு செய்தாக வேண்டும். வெளிநாடு போகிற ஜோடிக்கு அந்த 90 நாள் கணக்கு உதவாது. கல்யாணமான முதல் வாரத்திலேயே சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போவதுதான் சரி. சான்றிதழில் இருவர் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். விசா, காப்பீடு, வருமான வரி ஆகிய மூன்றுக்கும் பின்னால் கேட்கப்படுவது இந்த ஒரு தாள்தான்.

பெயர் விஷயத்தில் தமிழர்களுக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. நம்மிடம் இருப்பது தகப்பன் பெயரின் முதலெழுத்தும் சொந்தப் பெயரும். குடும்பப் பெயர் என்ற வழக்கம் பெரும்பாலான வீடுகளில் கிடையாது. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் பெயருக்கு இரண்டு கட்டங்கள் இருக்கும். அவற்றில் ஒன்றை வெறுமையாக விட்டு, முழுப் பெயரையும் மற்றொன்றில் எழுதியிருந்தால், அமெரிக்க விசாவில் அந்தப் பெயர் குடும்பப் பெயராகப் போய் உட்காரும். சொந்தப் பெயர் வரவேண்டிய இடத்தில் ‘எஃப்என்யூ’ என்று அச்சாகும். ‘முதற்பெயர் தெரியவில்லை’ என்பதன் சுருக்கம் அது. ஓட்டுநர் உரிமம், மருந்துச் சீட்டு, வங்கி அட்டை என்று அந்த மூன்றெழுத்து தொடர்ந்து வரும். மருத்துவமனையில் அதையே பெயர் என்று எண்ணிக் கூப்பிடுவார்கள். கல்யாணம் நிச்சயமானதுமே, தகப்பனார் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதி பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்துகொண்டால் இந்தத் தொல்லை இல்லை. கணவர் பெயருக்கு மாறவேண்டும் என்று இரு நாட்டுச் சட்டமும் கேட்பதில்லை. கணவருக்கும் மனைவிக்கும் அவரவர் தகப்பனார் பெயரே குடும்பப் பெயராக நின்றாலும், திருமணச் சான்றிதழ் போதும்.

சென்னையில் நேர்முகம் அண்ணா மேம்பாலத்தை ஒட்டியுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நடக்கும். திருமணச் சான்றிதழ், கணவரின் ஹெச்-1பி ஒப்புதல் கடிதம், சம்பளச் சீட்டுகளோடு கல்யாணப் படங்களையும் அழைப்பிதழையும் கொண்டுபோவது வழக்கம். பலர் கவனிக்கத் தவறுவது கணவரின் நிலையை. அங்கேயே மாணவர் விசாவிலிருந்து ஹெச்-1பிக்கு மாறியவரின் பாஸ்போர்ட்டில் ஹெச்-1பி முத்திரை இருக்காது. ஊருக்கு வந்தால் அவரும் ‘ஸ்டாம்பிங்’ செய்துகொண்டுதான் திரும்ப முடியும். கூடுதல் விசாரணை என்று 221(ஜி) சீட்டு கொடுத்துவிட்டால் விடுப்பு முடிந்தும் இருவரும் இங்கேயே காத்திருக்க வேண்டியதுதான். நேர்முகத் தேதியைப் பார்த்துவிட்டு முகூர்த்தம் குறிக்கும் வீடுகள் இப்போது நிறைய.

பயணப் பெட்டிகள் பெரும்பாலும் ஆளுக்கு இரண்டு, ஒவ்வொன்றும் 23 கிலோ. சாம்பார்ப் பொடி, பருப்புப் பொடி, புளி, அப்பளம், வடாம் எல்லாம் போகும். பச்சைக் கறிவேப்பிலை போகாது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் ‘பசுமை நோயை’ப் பரப்பும் சிறு பூச்சி கறிவேப்பிலைச் செடியிலும் வாழ்வதால் அமெரிக்க வேளாண் துறை அதைத் தடுத்திருக்கிறது. கொண்டுவரும் உணவுப் பொருட்களை விமான நிலையத்தில் மறைக்காமல் சொல்லிவிட்டால், ஆகாதது குப்பைக்குப் போவதோடு முடியும். மறைத்துப் பிடிபட்டால் அபராதம்.

நுழைவு அதிகாரி தரும் ஐ-94 பதிவில் உள்ள தேதிதான் எத்தனை நாள் தங்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது; விசா முத்திரையின் தேதி நாட்டுக்குள் நுழைவதற்கு மட்டும். பாஸ்போர்ட் அதற்கு முன்பே காலாவதியாகிறது என்றால் ஐ-94 தேதியையும் அதற்கேற்பக் குறைத்துவிடுவார்கள். வந்த முதல் வாரத்திலேயே இணையத்தில் அந்தப் பதிவை இறக்கி, பெயரையும் தேதியையும் சரிபார்த்துவிட வேண்டும். கணவருக்கு 2028 வரை இருக்க, மனைவிக்கு மட்டும் ஓராண்டு முன்பே முடிந்துவிட்டதைத் தாமதமாகக் கண்டு தவித்த குடும்பங்கள் உண்டு.

வீடு என்பது பெரும்பாலும் அடுக்ககத்தில் ஒற்றைப் படுக்கையறைக் குடியிருப்பு. நண்பர்களோடு தங்கியிருந்த மாப்பிள்ளை, கல்யாணத்துக்குச் சில வாரம் முன்பு அவசரமாகப் பிடித்ததாக இருக்கும். குடிவரும் பெரியவர்கள் எல்லோர் பெயரும் வாடகை ஒப்பந்தத்தில் இருக்கவேண்டும் என்பது அங்கே பொதுவான நிபந்தனை. மனைவி வந்த வாரமே அலுவலகத்தில் சொல்லிப் பெயரைச் சேர்த்துவிட்டால் அதுவே அவருடைய முதல் முகவரிச் சான்று. சேர்க்காவிட்டால், இந்த ஒரு வரிக்காகத்தான் பிறகு உரிம அலுவலகத்திலும் நூலகத்திலும் அலைய நேர்கிறது.

சமையலறையில் பழக வேண்டியது நிறைய. அமெரிக்க மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம்முடையது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். சீதனமாக வந்த மிக்ஸி அங்கே சரியாகச் சுற்றாது. பிளக்கை மாற்றும் அடாப்டர் முனையின் வடிவத்தை மாற்றுமே தவிர வோல்ட்டை மாற்றாது. ஏற்றுமதிக்கென்றே செய்த 110 வோல்ட் மிக்ஸியும், கோயம்புத்தூர் கிரைண்டரும் இந்தியக் கடைகளில் கிடைக்கும். பல வீடுகளில் அடுப்பு, கண்ணாடித் தளமுள்ள மின் அடுப்பு. அடி உருண்ட இருப்புச் சட்டி அதில் நிற்காது, சூடும் பிடிக்காது. தட்டையான அடியுள்ள பாத்திரங்களைத்தான் பெட்டியில் வைக்க வேண்டும். அணைத்த பிறகும் தளம் வெகுநேரம் சுடும் என்பதால், பால் பொங்குகிறது என்று குமிழைத் திருப்பினால் போதாது, பாத்திரத்தையே நகர்த்த வேண்டும்.

அடுத்தது தாளிப்பு. அடுப்புக்கு மேலுள்ள விசிறி பல குடியிருப்புகளில் புகையை வெளியே தள்ளாமல், வடிகட்டி வழியாக இழுத்து அறைக்குள்ளேயே விடும். கடுகு வெடித்து மிளகாய் கருகும் நேரத்தில் கூரையிலுள்ள புகை எச்சரிக்கைக் கருவி அலறத் தொடங்கும். அந்தச் சத்தத்தை முதல்முறை கேட்டு, தனியாக இருக்கும் பெண் நடுங்கிப்போவது இயல்பு. ஜன்னலைத் திறந்து, துண்டால் கருவிக்கு அடியில் விசிறினால் நின்றுவிடும். பேட்டரியைக் கழற்றி வைப்பது மட்டும் கூடாது. பெரும்பாலும் மரச்சட்டத்தில் கட்டிய வீடுகள் அவை. தீ சுவர் சுவராகத் தாவும்.

இட்லி மாவு குளிர்காலத்தில் புளிக்காது. ‘ஓவனை’ச் சூடாக்காமல், உள்விளக்கை மட்டும் எரியவிட்டு மாவுப் பாத்திரத்தை உள்ளே வைத்து மூடினால் மறுநாள் காலையில் பொங்கியிருக்கும். அமெரிக்காவிலுள்ள தமிழ்ப் பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்துப் பரப்பிய முறை இது. எந்தப் புத்தகத்தையும்விட இதனால் காப்பாற்றப்பட்ட காலைச் சாப்பாடுகள் அதிகம். உள்ளே பாத்திரம் இருக்கிறது என்று ஓவன் கதவில் ஒரு சீட்டு ஒட்டி வைப்பதும் அதே முறையைச் சேர்ந்தது.

இனி எண்கள். அமெரிக்காவில் ஒருவரை அடையாளம் காட்டுவது ஒன்பது இலக்கச் சமூகப் பாதுகாப்பு எண். வேலை அனுமதி இல்லாத ஹெச்-4காரருக்கு அது கிடைக்காது. ஆனால் கணவரோடு சேர்ந்து வரிக் கணக்கு தாக்கல் செய்ய ஏதாவது ஒரு எண் வேண்டும். அதற்காக வரித்துறை தருவது ஐடிஐஎன். டபிள்யூ-7 படிவத்தை வரிக் கணக்கோடு சேர்த்து அனுப்பிப் பெறலாம். டிசம்பர் 31 அன்று மணமானவராக இருந்தால் அந்த ஆண்டு முழுவதற்கும் மணமானவர் என்பதே வரிச் சட்டத்தின் கணக்கு. கூட்டுக் கணக்கில் நிலையான கழிவு தனியாளுக்கு உள்ளதைப் போல இரண்டு மடங்கு. மனைவி இன்னும் இந்தியாவில்தான் இருக்கிறார் என்றாலும், இருவரும் எழுதிக் கொடுத்து, உலகில் ஈட்டிய வருமானம் முழுவதையும் காட்டினால் சேர்ந்து தாக்கல் செய்ய வழி உண்டு.

பல வங்கிகள் பாஸ்போர்ட்டையும் முகவரிச் சான்றையும் பார்த்தே கூட்டுக் கணக்கில் மனைவியின் பெயரைச் சேர்க்கின்றன. கணவரின் கடன் அட்டையில் கூடுதல் பயனராகச் சேர்த்தால் மனைவி பெயரிலும் ஓர் அட்டை வரும். செலவுக்குக் கணவரிடம் கேட்டுக் கேட்டு வாங்கும் நிலை, இங்கே சம்பாதித்துக்கொண்டிருந்த பெண்ணை மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக நோகடிக்கிறது. முதல் மாதத்திலேயே செய்து முடிக்க வேண்டிய காரியம் இது.

மருத்துவக் காப்பீட்டில் ஒரு கெடு உண்டு. வேலையிடத்துக் காப்பீட்டில் மனைவியைச் சேர்க்கக் கல்யாண நாளிலிருந்து குறைந்தது 30 நாள் அவகாசம் தரவேண்டும் என்பது சட்டம். பல நிறுவனங்கள் அந்த 30-ஓடு நிறுத்திக்கொள்கின்றன. விசா வந்து, அவர் வந்து இறங்கட்டும், பிறகு சேர்க்கலாம் என்று கணவர் இருந்துவிட்டால் கெடு தாண்டிவிடும். அடுத்து, ஆண்டுக்கு ஒருமுறை வரும் பொதுச் சேர்க்கைக் காலம் வரை காத்திருக்க நேரலாம். அந்த இடைவெளியில் ஒரு குடல்வால் அறுவைச் சிகிச்சை வந்தால் சேமிப்பு முழுவதும் கரைந்துபோகும்.

கார் ஓட்டத் தெரியாதவருக்கு நியூயார்க் போன்ற சில நகரங்களைத் தவிர மற்ற இடங்களில் வீடே எல்லை. உரிமம் பெற, சமூகப் பாதுகாப்பு எண்ணுக்குத் தகுதியில்லை என்று அந்த அலுவலகமே தரும் கடிதத்தைப் பல மாநிலங்கள் கேட்கின்றன. எழுத்துத் தேர்வு, பழகுநர் அனுமதி, சாலைத் தேர்வு என்று படி உண்டு. வலப்பக்க ஓட்டம் சில நாளில் கைவந்துவிடும். ‘ஸ்டாப்’ பலகையில் யாருமே இல்லாவிட்டாலும் சக்கரம் முழுதாக நிற்பது, நான்கு பக்கமும் பலகையுள்ள சந்திப்பில் முதலில் வந்தவருக்கு வழிவிடுவது, சிவப்பு விளக்கு மின்னும் பள்ளிப் பேருந்தைத் தாண்டாமல் நிற்பது ஆகியவைதான் நம் சாலைகளில் ஓட்டிப் பழகியவரைத் தேர்வில் தோற்கடிக்கின்றன. உரிமத்தின் ஆயுளும் பெரும்பாலும் ஐ-94 தேதியோடு முடியும்.

கணவர் வேலைக்குப் போன பின்னான பகல் நீளமானது. கிழக்குக் கரைக்கும் சென்னைக்கும் கோடையில் ஒன்பதரை மணி, குளிர்காலத்தில் பத்தரை மணி வித்தியாசம். மதியம் அம்மாவிடம் பேசத் தோன்றும்போது அங்கே நள்ளிரவு. டிசம்பரில் நியூஜெர்சியில் மாலை நாலரைக்கே இருட்டிவிடும். நம் வழக்கத்தில் கல்யாணத்தின் முதல் ஆண்டு, பெண் ஒரேயடியாகப் பிரிந்துவிடாதபடி அமைந்தது: ஆடிக்குத் தாய்வீடு, தலைத்தீபாவளி, தலைப்பொங்கல், தாலி பிரித்துக் கோர்த்தல் என்று போக்குவரத்து இருந்துகொண்டே இருக்கும். அமெரிக்காவில் அந்த ஓராண்டு ஒரேயடியாகக் கழிகிறது; தலைத்தீபாவளி வேலைநாளில் வந்து போய்விடும். இந்த வெறுமையைப் பெண்ணின் பலவீனம் என்று எண்ணுவது பெரும் தவறு. நகர நூலகங்கள் பலவற்றில் இலவச ஆங்கில உரையாடல் வகுப்பு உண்டு. முகவரிச் சான்று இருந்தால் உறுப்பினர் அட்டை கிடைக்கும். 1976-இல் எழுந்த பிட்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயில், 1977-இல் குடமுழுக்குக் கண்ட நியூயார்க் ஃபிளஷிங் பிள்ளையார் கோயில் தொடங்கி இன்று பெருநகரம்தோறும் கோயில் இருக்கிறது. தமிழ்ச் சங்கமும் வார இறுதித் தமிழ்ப் பள்ளியும் இருக்கின்றன. முதல் தோழி பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கிறாள்.

படிப்புக்குத் தடையில்லை, பல மாநிலங்களில் உள்ளூர் மாணவருக்கான குறைந்த கட்டணமே ஹெச்-4காரருக்கும் பொருந்தும். பட்டப்படிப்புக்குப் பின் வேலை தேட நினைப்பவர்கள் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறுகிறார்கள். படிப்பு முடிந்தபின் 12 மாதமும், அறிவியல், பொறியியல் போன்ற துறைகளில் மேலும் 24 மாதமும் வேலை செய்ய அது இடம் தருகிறது.

விசா எப்போதும் மனைவியைத்தான் சார்பாளராக்குகிறது என்றில்லை. சமூகவியலாளர் பல்லவி பானர்ஜி ‘தி ஆப்பர்ச்சூனிட்டி டிராப்’ என்ற நூலில், கணினித் துறை ஆண்களின் குடும்பங்களோடு, செவிலியராக அமெரிக்கா வந்த இந்தியப் பெண்களின் குடும்பங்களையும் ஆராய்ந்திருக்கிறார். அங்கே வேலையின்றி வீட்டில் இருப்பவர் கணவர்.

ஒருவர் வேலையில் இருவர் தங்கியிருப்பதால், அந்த வேலை போனால் இருவருக்கும் சேர்த்தே கெடு விழும். 2017 முதல் நடைமுறையிலுள்ள விதிப்படி அது அதிகபட்சம் 60 நாள். வீட்டுக்குள் வன்முறை இருந்தால் இந்தச் சார்பு கைவிலங்காகிறது. ‘திருப்பி அனுப்பிவிடுவேன்’ என்ற மிரட்டலுக்குப் பயந்தே பலர் வாய் திறப்பதில்லை. அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: 2005-இல் திருத்தப்பட்ட, பெண்கள் மீதான வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, கொடுமைக்கு ஆளான ஹெச்-4காரர் கணவரின் கையெழுத்து இல்லாமலே வேலை அனுமதி கேட்க முடியும். நியூஜெர்சியில் 1985-இல் தொடங்கிய மானவி, கலிபோர்னியாவில் 1991-இல் தொடங்கிய மைத்ரி ஆகிய அமைப்புகள் தெற்காசியப் பெண்களுக்காகவே இயங்குகின்றன.

மற்றவர்களுக்கு வேலைக் கதவு திறப்பது, கணவருக்கான நிரந்தர வசிப்புரிமை மனு ஒரு கட்டத்தைத் தாண்டிய பிறகு. அவருக்காக நிறுவனம் தாக்கல் செய்யும் ஐ-140 மனு ஒப்புதல் பெற்றிருந்தால் மனைவி வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம் என்ற விதி 2015 மே 26 முதல் நடைமுறையில் உள்ளது. இதன் பயனைப் பெற்றவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இந்தியாவில் பிறந்தவர்கள், அதே அளவுக்குப் பெண்கள். விதியை எதிர்த்து 2015-லேயே வழக்கு போடப்பட்டது. 2024 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் விதியை உறுதி செய்தது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்துவிட்டது. புதிதாக ஹெச்-1பி பெற்ற கணவரோடு வரும் பெண் இந்தக் கட்டத்தை எட்டப் பொதுவாகச் சில ஆண்டுகள் பிடிக்கும். நிறுவனம் அந்த மனுவை எப்போது தொடங்கும் என்று கணவர் வேலைக்குச் சேரும்போதே கேட்டுவைப்பது அதனால் அவசியம்.

வேலை அனுமதி கிடைத்துவிட்டால் சமூகப் பாதுகாப்பு எண்ணும் பெறலாம். அந்த எண் கைக்கு வந்ததும் ஐடிஐஎன்னைப் பயன்படுத்தக் கூடாது. இரண்டு எண்களின் பதிவுகளையும் ஒன்றாக்கும்படி வரித்துறைக்கும், புதிய எண்ணைச் சேர்க்கும்படி வங்கிக்கும் மனைவியே தம் பெயரில் கடிதம் எழுத வேண்டும்.