பெங்களூரில் வாழ்ந்த ஷாஜி

தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் சென்று வரும் நம்மவர்கள், அங்கே சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகளோடு நீண்டதொரு மராத்திக் கல்வெட்டையும் கண்டிருக்கக்கூடும். போன்ஸ்லே குலத்தின் வரலாற்றைக் கூறும் அதனை 1803-ஆம் ஆண்டில் பொறிக்கச் செய்தவர் இரண்டாம் சரபோஜி மன்னர். அக்குலத்து முன்னோருள் ஒருவர், நாம் இன்று குடியிருக்கும் இதே பெங்களூரில் வாழ்ந்து ஆட்சி புரிந்தவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? சத்திரபதி சிவாஜியின் தந்தையார் ஷாஜி போன்ஸ்லேயே அவர். மகனது பெரும்புகழின் முன் தந்தையின் பெயர் மங்கிவிட்டது. ஆயினும் பெங்களூரையும் தஞ்சையையும் ஒரே சரட்டில் கோத்த அப்பெருமகனின் வாழ்க்கை, பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்த நாம் அறிந்து கொள்ளத் தக்கது.

பல அரசுகளின் சேவையில்

அக்காலத்துத் தக்காணத்தில் ஒரு பிரபுவின் உயர்வும் தாழ்வும் அவன் சேவித்த சுல்தானின் தயவைப் பொறுத்திருந்தன. ஷாஜி அகமதுநகர் நிஜாம்ஷாகி அரசில் தம் பணியைத் தொடங்கினார். 1624-ஆம் ஆண்டு மாலிக் அம்பர் தலைமையில், மொகலாயரும் பீஜப்பூராரும் சேர்ந்து வந்த படையைப் பட்வாடி என்னுமிடத்தில் அகமதுநகர் முறியடித்தபோது, அப்போரில் பெயர் பெற்றவர்களுள் அவரும் ஒருவர். ஆனால் 1629-இல் அவருடைய மாமனார் லக்குஜி ஜாதவ் அதே அரசவையில் கொலையுண்டார். அரசனின் நட்பு எவ்வளவு நிலையற்றது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

ஷாஜி பீஜப்பூரிலும் மொகலாயரிடத்தும் சிறிது காலம் பணிபுரிந்தார். பின்னர், வீழ்ந்து கொண்டிருந்த நிஜாம்ஷாகிக் குலத்துச் சிறுவன் ஒருவனை அரியணையில் அமர்த்தி, அவன் பெயரால் ஷாஜகானின் பெரும்படையையே எதிர்த்து நின்றார். 1636-இல் மாகுலிக் கோட்டையில் பணிய நேர்ந்தது. அதன்பின் பீஜப்பூர் அரசின் தளபதியாகத் தம் சொந்த மண்ணிலிருந்து வெகுதூரத்திலுள்ள கன்னட நாட்டிற்கு அனுப்பப்பட்டார். மனைவி ஜீஜாபாயும் மகன் சிவாஜியும் பூனாவில். குடும்பத் தலைவர் தெற்கே. இந்த நிலையை நம் வீடுகளில் பலர் விளக்கமின்றியே உணர்வர்.

பெங்களூர் ஜாகீர்

1638-ஆம் ஆண்டு ரண்துல்லா கானின் தலைமையில் வந்த பீஜப்பூர்ப் படை, கெம்பே கவுடரின் மரபினரிடமிருந்து பெங்களூரைக் கைப்பற்றியது. அம்மரபினர் மாகடிக்குச் சென்று அங்கிருந்து ஆண்டனர். பெங்களூர் ஷாஜிக்கு ஜாகீராகக் கிடைத்தது. ஜாகீர் என்பது சொந்த நிலம் அன்று. வரி வருவாயை அனுபவிக்கவும் அதனைக் கொண்டு படை வைத்திருக்கவும் அரசன் அளிக்கும் உரிமை. அளித்தவனே திரும்பவும் பறிக்கலாம்.

இன்று கிருஷ்ணராஜ மார்க்கெட்டின் அருகில் நாம் காணும் கற்கோட்டை ஐதர் அலியின் காலத்தது. ஷாஜி கண்டது 1537-இல் கெம்பே கவுடர் எழுப்பிய மண்கோட்டையையும் அதனைச் சார்ந்த பேட்டைகளையுமே. இங்கே அவர் வரிக் கணக்கை மராத்திய முறையில் ஒழுங்குபடுத்தினார். புலவர்களையும் ஆதரித்தார். ஜயராம பிண்டே என்னும் கவிஞர் இயற்றிய 'ராதாமாதவ விலாச சம்பு' என்னும் நூல் ஷாஜியின் அவையைப் புகழ்ந்து பேசுகிறது.

எனினும் ஜாகீரின் நிலையாமை அவரை விடவில்லை. 1648-இல் நம் தமிழகத்துச் செஞ்சிக் கோட்டையைப் பீஜப்பூர்ப் படை முற்றுகையிட்டிருந்தபோது, தளபதி முஸ்தபா கான் பாசறையிலேயே ஷாஜியைச் சிறைப்படுத்தினான். மறு ஆண்டு அவர் விடுதலை பெறுவதற்காகச் சிவாஜி கொண்டாணா கோட்டையை விட்டுக்கொடுக்க நேர்ந்தது. மூத்த மகன் சம்பாஜி கனககிரிப் போரில் மாண்டார். 1664 ஜனவரியில், வேட்டையின்போது குதிரையிலிருந்து வீழ்ந்து ஷாஜியும் உயிர் நீத்தார். அவருடைய சமாதி கர்நாடகத்தில் சன்னகிரிக்கு அருகே ஹொதிகெரேயில் இன்றும் உள்ளது.

பாகப் பிரிவினை

தந்தையின் தென்னாட்டு உடைமைகள் துக்காபாயின் மகனான ஏகோஜியின் கைக்கு வந்தன. மதுரை நாயக்கரிடம் தஞ்சையை இழந்த அரச குலத்திற்கு உதவும்படி பீஜப்பூர் அவரை அனுப்பியது. சென்றவர் 1676-இல் தாமே தஞ்சை அரியணையில் அமர்ந்தார். ஷாஜியின் பழைய அமைச்சர் குடும்பத்தைச் சேர்ந்த ரகுநாத பண்டிதர் ஏகோஜியோடு மனம் வேறுபட்டுச் சிவாஜியிடம் சென்றார். மறு ஆண்டே சிவாஜி படையுடன் தெற்கே வந்து, தந்தையின் சொத்தில் பாதியைக் கேட்டார். கொள்ளிடக் கரையிலுள்ள திருமழபாடியில் சகோதரர் இருவரும் சந்தித்தனர். பேச்சு முற்றுப்பெறு முன்னரே ஏகோஜி இரவோடிரவாக ஆற்றைக் கடந்து தஞ்சைக்குத் திரும்பிவிட்டார். முடிவில் உடன்பாடு ஏற்பட்டு, பெங்களூர்ப் பகுதியை ஏகோஜியின் மனைவி தீபாபாய்க்கென்றே சிவாஜி விட்டுக்கொடுத்தார்.

தஞ்சையிலிருந்து பெங்களூரைக் காப்பது எளிதாயில்லை. மைசூர் சிக்கதேவராஜ உடையாருக்கு விற்க விலை பேசிக் கொண்டிருக்கையிலேயே, 1687-இல் மொகலாயத் தளபதி காசிம் கான் ஊரைப் பிடித்தான். பின்னர் மூன்று இலட்சம் ரூபாய்க்கு அது உடையாரிடம் சென்றது. வாளால் வந்த பெங்களூர் இவ்வாறு ஐம்பது ஆண்டுகளுக்குள் போன்ஸ்லே குலத்தை விட்டு நீங்கியது.

தஞ்சையோ 1855 வரை அவர்களுடையதாகவே இருந்தது. அரசு போன பின்னும் அவர்கள் பெயர் அங்கே போகவில்லை. மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட அம்மன்னர்கள் தமிழையும் தெலுங்கையும் வடமொழியையும் பேணினர். சரபோஜி சரசுவதி மகால் நூல் நிலையத்தைப் பெரிதும் வளர்த்தார். பிறர் அளித்த உரிமை பிறரால் போகும். வாழும் ஊருக்கு நாம் அளித்தது நிற்கும். சிக்கப்பேட்டையிலும் அல்சூரிலும் வாழும் நாம், நம் பிள்ளைகளுக்குத் தமிழை மறவாது கற்பிப்பதுடன், நம்மை ஏற்றுக்கொண்ட கன்னட நாட்டின் மொழியையும் வரலாற்றையும் விருப்புடன் கற்பிப்போமாக.