ஃபைட் என்றால் சண்டை மட்டும்தானா?



‘சொல் ஒன்று, பொருள் பல’ பகுதிக்காக இந்த முறை நான் எடுத்துக்கொண்ட ஆங்கிலச் சொல் ‘ஃபைட்’. “இதுல விளக்க என்ன இருக்கு? ஃபைட்டுன்னா சண்டை. எல்.கே.ஜி. பிள்ளைக்குக்கூடத் தெரியுமே!” என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. சினிமாவில் ஃபைட் சீன், ஃபைட் மாஸ்டர் என்று கேட்டுக் கேட்டு இது தமிழ்ச் சொல் மாதிரியே ஆகிவிட்டது. ஆனால் நூலகத்தில் அகராதியைப் புரட்டிப் பார்த்தபோதுதான், இந்தச் சின்னச் சொல்லுக்குள் எவ்வளவு விஷயம் இருக்கிறது என்று தெரிந்தது. படித்துப் பாருங்கள்.

1) ஜி-யும் எச்-சும் எதற்கு?

எஃப், ஐ, ஜி, எச், டி என்று எழுதுகிறோம். ஆனால் படிக்கும்போது ஜி, எச் இரண்டும் ஊமை. அப்புறம் ஏன் எழுத வேண்டும்? பழைய ஆங்கிலத்தில் அந்த இடத்தில் தொண்டையிலிருந்து வரும் ஒரு ‘ஹ்’ ஒலி உண்மையாகவே இருந்தது. ஆங்கிலத்தின் உறவு மொழியான ஜெர்மனில் அது இன்றும் இருக்கிறது. இரவுக்கு அவர்கள் ‘நாஹ்ட்’ என்கிறார்கள், ஆங்கிலத்தில் ‘நைட்’. வெளிச்சத்துக்கு ‘லிஹ்ட்’, ஆங்கிலத்தில் ‘லைட்’. நம்ம ஃபைட்டுக்கும் அங்கே ஓர் உடன்பிறப்பு உண்டு: ‘ஃபெஹ்டன்’. அதற்கு இப்போது வாள் வீசுதல் என்று பொருள்.

1476-இல் வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் வைத்தார். அச்சு பரவப் பரவ எழுத்துக்கூட்டல் மெல்ல ஒரே மாதிரி நிலைத்துவிட்டது. பேச்சு மட்டும் மாறிக்கொண்டே போனது. அதனால்தான் ஒலி போன பிறகும் எழுத்து நிற்கிறது. ஸ்பெல்லிங் டெஸ்டில் நாம் திட்டிக்கொண்டே எழுதும் ஜி, எச் இரண்டும் பழைய உச்சரிப்பின் காலடித் தடம்.

இறந்த காலத்தில் ‘ஃபைட்டட்’ கிடையாது, ‘ஃபாட்’. அதிலும் ஜி, எச் உண்டு, மறக்காதீங்க!

2) வாயா, கையா?

எங்கள் வகுப்பில் ஜன்னலோர இடத்துக்காக இரண்டு பேருக்குள் தகராறு. வகுப்புத் தலைவி குறிப்பேட்டில் ‘ஃபைட்’ என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டாள். ஆசிரியை பதறிப்போய், “யார் யாரை அடிச்சீங்க? நாளைக்கு ரெண்டு பேரும் அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வாங்க” என்றார். “அடிக்கவே இல்ல டீச்சர், சத்தமாப் பேசிக்கிட்டோம், அவ்வளவுதான்” என்று இரண்டு பேரும் அழாத குறை. “அப்படின்னா க்வாரல்னு எழுதியிருக்கணும்மா” என்றார் ஆசிரியை. ஒரு சொல்லால் இரண்டு வீட்டுப் பெற்றோரும் வேலையை விட்டுவிட்டு வர வேண்டியிருந்திருக்கும்!

தலைவி எழுதியது முழுத் தவறும் இல்லை. ஃபைட் என்பது வாய்ச்சண்டைக்கும் வரும், கைகலப்புக்கும் வரும். அதனால்தான் குழப்பம். தெளிவாகச் சொல்ல வேண்டுமானால் இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்:

ஆர்க்யூ – வாதாடுவது. கோபம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.
க்வாரல் – கோபத்தோடு போடும் வாய்ச்சண்டை.
ஃபைட் – வாயும் ஆகலாம், கையும் ஆகலாம்.
ஸ்ட்ரகிள் – விடாமல் நெடுநாள் போராடுவது. விடுதலைப் போராட்டம் இந்த வகை.
பேட்டில் – ஒரு களத்தில் நடக்கும் போர். 1757 பிளாசி ஒரு பேட்டில்.
வார் – முழு யுத்தம். 1914 முதல் 1918 வரை நடந்தது வார்.
கான்ஃப்ளிக்ட் – மோதல், முரண்பாடு. ஆளே வேண்டாம், இரண்டு தேர்வு ஒரே நேரத்தில் வந்தாலும் கான்ஃப்ளிக்ட்தான்.

அரசாங்கங்களும் சொல்லைப் பார்த்துத்தான் பொறுக்குகின்றன. 1982-இல் ஃபாக்லாந்து தீவுகளுக்காக பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதின. முறைப்படி யாரும் போர் அறிவிக்கவில்லை. அதனால் பிரிட்டிஷார் அதை ‘கான்ஃப்ளிக்ட்’ என்றார்கள். ஆனால் இரு தரப்பிலும் சேர்த்து 900 பேருக்கு மேல் இறந்தார்கள். சொல் மென்மையானால் சாவு குறைந்துவிடுமா என்ன?

3) ‘போட்டான்’ செய்யும் வம்பு

தமிழில் சண்டை போட்டான் என்கிறோம். அதே நினைப்பில் ‘ஹி புட் எ ஃபைட்’ என்று எழுதினால் தவறு. ‘ஹி ஹாட் எ ஃபைட்’ என்றுதான் எழுத வேண்டும். ஆனால் ‘புட்’ பக்கத்தில் ‘அப்’ சேர்த்து ‘புட் அப் எ குட் ஃபைட்’ என்றால் சரி. ஆனால் பொருள் வேறு: தோற்றாலும் சளைக்காமல் எதிர்த்து நின்றான் என்று அர்த்தம். கபடியில் ஒரு புள்ளியில் தோற்ற அணியைப் பாராட்ட இது நல்ல வாக்கியம்.

‘பிக் எ ஃபைட்’ என்றால் வலியப் போய் வம்புக்கு இழுப்பது. ‘ஃபைட் ஷை ஆஃப்’ என்றால் சண்டையே இல்லை. ஒரு காரியத்தைச் செய்யத் தயங்கி ஒதுங்குவது.

4) எதிரியே இல்லாத ஃபைட்

நாம் தீயை அணைக்கிறோம். ஆங்கிலேயர் தீயோடு ஃபைட் பண்ணுகிறார்கள். தீயணைப்பு வீரர் அவர்களுக்கு ‘ஃபயர் ஃபைட்டர்’. நோயோடு, வறுமையோடு, தூக்கத்தோடு எல்லாம் ஃபைட் உண்டு. கண்ணீரை அடக்கினால்கூட ‘ஃபைட் பேக் டியர்ஸ்’.

நம் உடம்புக்குள்ளும் ஒன்று உண்டு. அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கினார். ஆபத்து வந்தால் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது, தசைகளுக்கு ரத்தம் பாய்கிறது. ஒன்று எதிர்த்து நில், இல்லாவிட்டால் ஓடு! இதற்குப் பெயர் ‘ஃபைட் ஆர் ஃப்ளைட்’. வினாத்தாள் கொடுக்கும்போது நெஞ்சு படபடப்பதும் இதனால்தான். எங்கே ஓடுவது? எழுதித்தான் ஆகணும்.

5) யாரோடு? யாரை எதிர்த்து?

இதுதான் முக்கியமான பகுதி. ‘ஃபைட் ஃபார்’ என்றால் ஒன்றுக்காக. ‘ஃபைட் அகெய்ன்ஸ்ட்’ என்றால் ஒன்றை எதிர்த்து. ‘ஃபைட் வித்’ என்றால்? அங்கேதான் சிக்கல்! ‘வித்’ என்றால் கூட, உடன் என்று படித்திருக்கிறோம். ஆனால் பழைய ஆங்கிலத்தில் அதற்கு ‘எதிராக’ என்ற பொருளே இருந்தது. ‘வித்ஸ்டாண்ட்’ என்றால் எதிர்த்துத் தாங்குவது என்பதில் அது இன்றும் ஒளிந்திருக்கிறது.

இப்போது இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: ‘1944-இல் இம்பாலில் இந்தியர்கள் ஃபாட் வித் தி பிரிட்டிஷ்.’ பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இருந்த இந்திய வீரர்கள் பிரிட்டிஷாருடன் சேர்ந்து போரிட்டார்கள். சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்த இந்தியர்கள் அதே பிரிட்டிஷாரை எதிர்த்துப் போரிட்டார்கள். மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பலர் அந்த ராணுவத்தில் சேர்ந்தார்கள். ஜான்சி ராணி படையில் தமிழ்ப் பெண்களும் இருந்தார்கள். ஒரே வாக்கியம், இரண்டு தரப்புக்கும் பொருந்துகிறது! வரலாற்று விடைத்தாளில் ‘வித்’ என்று எழுதினால் தியாகிகள் எந்தப் பக்கம் நின்றார்கள் என்றே தெரியாமல் போய்விடும். ஆகவே எதிர்த்தால் ‘அகெய்ன்ஸ்ட்’, சேர்ந்து நின்றால் ‘அலாங்சைட்’ என்று எழுதுவதே நல்லது.

6) மாட்டோடு ஃபைட்டா?

ஸ்பெயினின் ‘புல்ஃபைட்’டில் வீரர் கையில் வாள் உண்டு, கடைசியில் பொதுவாகக் காளை கொல்லப்படும். நம் ஜல்லிக்கட்டில் ஆயுதம் கிடையாது. திமிலைப் பிடித்துத் தொங்க வேண்டும். பழைய பெயரே ஏறு தழுவுதல்தான். தழுவுதல் என்றால் அணைத்துக்கொள்வது. இதை ‘புல்ஃபைட்’ என்று மொழிபெயர்த்தால் வெளிநாட்டுக்காரர் மனசில் வாளும் ரத்தமும்தான் வரும். 2014-இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2017 ஜனவரியில் மெரினாவிலும் ஊர் ஊராகவும் மாணவர்கள் போராடினார்கள். தமிழக அரசு சட்டம் இயற்றியது. 2023-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. மாட்டுக்கு வலிக்கிறதா, ஆட்களுக்கு ஆபத்தா என்ற வாதம் வேறு. அதைப் பேசத்தான் வேண்டும். ஆனால் பேசுவதற்கு முன்னால் பெயரைச் சரியாகச் சொல்ல வேண்டாமா?

நண்பர்களே, தமிழில் மட்டும் என்ன குறைச்சல்? சண்டை, சச்சரவு, தகராறு, வம்பு, பூசல், பிணக்கு, கைகலப்பு, போராட்டம், போர் என்று எத்தனை! அன்புள்ளவர்களின் செல்லக் கோபத்துக்கு ‘ஊடல்’ என்று தனிச்சொல்லே வைத்திருக்கிறோம். திருக்குறளின் கடைசி அதிகாரமே ‘ஊடலுவகை’தான். அடுத்த முறை நோட்டிலோ கடிதத்திலோ ‘ஃபைட்’ என்று எழுதப்போகும்போது ஒரு நிமிஷம் நில்லுங்கள். வாயா, கையா? யாரோடு, எதற்காக? இதற்கு விடை தெரிந்தால் சரியான சொல் தானாக வந்துவிடும்.

சிந்தனைக்கு ஒன்று: ‘ஊடல்’ என்பதற்கு ஒரே சொல்லில் ஆங்கிலம் என்ன? தெரிந்தவர்கள் எழுதி இதழ்ப் பெட்டியில் போடுங்கள். நல்ல விடை அடுத்த தாளில் இடம்பெறும்.



– பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி