வறுமையை விற்றார்களாம்!

நாட்டின் வறுமையைப் படம் பிடித்து, அதை அயல்நாடுகளுக்கு அனுப்பிப் பரிசும் பாராட்டும் தேடிக்கொள்கிறார் என்றொரு குற்றச்சாட்டு 1980-ஆம் ஆண்டு மாநிலங்களவையிலே எழுந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் வங்கத்துப் பட இயக்குநர் சத்யஜித் ரே. சாட்டியவர், அந்த அவையிலே நியமன உறுப்பினராக வீற்றிருந்த நடிகை நர்கீஸ். வறுமையைக் காட்டாதே, புதிய இந்தியாவைக் காட்டு என்பது அம்மையாரின் வாதம். எது புதிய இந்தியா என்று பேட்டியிலே கேட்டபோது, அணைக்கட்டுகளைக் குறிப்பிட்டார்.

அணைக்கட்டு வேண்டாமென்று எவர் சொன்னார்? அணையும் எழட்டும், ஆலையும் எழட்டும். ஆனால், ஆலை எழும்பிய இடத்தில் நேற்றுவரை ஏர் பிடித்தவன் எங்கே போனான் என்று கேட்பது குற்றமா? கேட்டால் நாட்டின் மானம் போய்விடுமா?

அந்த அம்மையார் இன்று இல்லை. அவரைக் குறைகூற இதை எழுதவில்லை. ஆனால் அந்த வாதம் இன்னும் இருக்கிறது. சேரியைக் காட்டும் படம், கடன்பட்ட உழவனைக் காட்டும் படம் எது வந்தாலும், 'நாட்டை இழிவுபடுத்துகிறான்' என்ற கூச்சல் கூடவே வருகிறது. ஆகவே, அந்தப் படங்கள் காட்டியது என்ன என்று பார்த்துவிடுவோம்.

1953-இல் பிமல் ராய் எடுத்த 'தோ பீகா ஜமீன்' என்ற இந்திப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'இரண்டு பீகா நிலம்' என்று பொருள். பீகா என்பது இடத்துக்கு இடம் மாறும் அளவு. வங்கக் கணக்கில் மூன்று பீகா சேர்ந்தால்தான் ஒரு ஏக்கர். அந்தத் துண்டு நிலம்தான் சம்பு என்ற ஏழை உழவனின் உடைமை. ஆலை கட்ட ஜமீன்தாருக்கு அது வேண்டும். சம்பு விற்க மறுக்கிறான். உடனே பழைய கடன் கிளம்புகிறது.

தான் தரவேண்டியது 65 ரூபாய் என்று சம்பு நம்புகிறான். வீட்டிலுள்ளதை விற்றுப் பணம் திரட்டிக்கொண்டு போகிறான். ஜமீன்தாரின் ஏடோ 235 என்கிறது! கடனுக்கு ஈடாக அவன் உழைத்துக் கொடுத்த உழைப்பு அந்த ஏட்டில் ஏறவில்லை. எழுதத் தெரிந்தவன் எழுதினான். எழுதத் தெரியாதவன் இழந்தான். வழக்கு மன்றம் ஏட்டை நம்பியது, ஏரை நம்பவில்லை. மூன்று மாதத்தில் கட்டு, இல்லையேல் நிலம் ஏலம் என்று தீர்ப்பு.

கல்கத்தாவுக்கு ஓடுகிறான் சம்பு. மனிதனை மனிதன் இழுக்கும் கை ரிக்க்ஷாவின் நுகத்தடியைப் பிடிக்கிறான். மகன் தெருவிலே செருப்புக்கு மெருகு போடுகிறான். சேர்த்த காசு, விபத்தில் அடிபட்ட மனைவியின் மருத்துவத்துக்குப் போகிறது. திரும்பி வந்து பார்த்தால், நிலத்திலே ஆலை எழும்புகிறது. ஒரு பிடி மண்ணை எடுக்கிறான். காவல்காரன் அதையும் கீழே போடச் சொல்கிறான்.

இது கற்பனை என்பீர்களா? சம்புவாக நடித்தவர் பால்ராஜ் சாஹ்னி. ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றவர், லண்டன் பி.பி.சி. வானொலியில் பணியாற்றியவர். படித்தவன் ரிக்க்ஷாக்காரனாக எப்படி மாறுவது என்ற கலக்கத்தோடு கல்கத்தாத் தெருவிலே ரிக்க்ஷா இழுத்துப் பழகினார். அங்கே பீகாரிலிருந்து வந்த ஒரு தொழிலாளி கதையைக் கேட்டான். கேட்டவன் கலங்கிப்போய், இது என் கதையாயிற்றே என்றான். ஜமீன்தாரிடம் அடகுபோன இரண்டு பீகா நிலத்தை மீட்கப் பல ஆண்டுகளாக வண்டி இழுத்துக்கொண்டிருந்தவன் அவன்! சாஹ்னியே இதை எழுதி வைத்திருக்கிறார்.

இனி ரேயின் 'பதேர் பாஞ்சாலி'க்கு வருவோம். 1955-இல் வெளிவந்த இந்தப் படத்தை முடிக்கப் பணமில்லாமல் அவர் திண்டாடியபோது, பணம் கொடுத்தது மேற்கு வங்க அரசு. படத்தின் பெயரிலே 'பாதை' இருந்ததால், அந்தத் தொகை சாலை மேம்பாட்டுக் கணக்கிலே எழுதப்பட்டதாம்! ஏற்றுமதி என்றால், ஏற்றுமதி செய்தது அரசாங்கம் அல்லவா? வெளிநாட்டானுக்காக எடுத்த படம் என்றார்களே, கல்கத்தாவில் திரையிட்டபோது முதலில் கூட்டம் மந்தம். சில நாட்களில் கொட்டகை நிறைந்தது. சொந்த மக்கள் தங்கள் முகத்தைத் திரையிலே கண்டார்கள். அதற்கு அடுத்த ஆண்டுதான், 1956-இல், கான் விழாவின் பரிசு வந்தது.

வேடிக்கை இதோடு முடியவில்லை. நர்கீஸ் அம்மையாருக்கு அழியாப் புகழ் தந்த 'மதர் இந்தியா' (1957) சொல்லும் கதை என்ன? 500 ரூபாய் கடன். அதற்கு வட்டியாக விளைச்சலில் முக்கால் பங்கு! எழுதப் படிக்கத் தெரியாத குடும்பத்தின் இரத்தத்தை உறிஞ்சும் லேவாதேவிக்காரன் சுக்கிலாலா. அந்தப் படமும் ஆஸ்கர் பரிசுக்கு அயல்நாடு சென்றதே! முதிய தாய் புதுக் கால்வாயைத் திறந்து வைக்கும் காட்சியோடு தொடங்குவதால் மட்டும், நடுவிலே வரும் பசி பசியல்ல என்று ஆகிவிடுமா?

ஏழையைத் திரையிலே காட்டினாலே உயர்ந்த படம் என்று நாம் சொல்லவில்லை. கந்தல் உடுத்திய நாயகன் கடைசிச் சுருளில் திடீரெனச் செல்வனாகிறான். பார்த்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீடு திரும்புகிறார். அப்படிப்பட்ட படங்கள் ஏராளம். அவை வறுமையை விதி என்று சொல்லி ஆறுதல் விற்றவை. 'தோ பீகா ஜமீன்' விதியைக் காட்டவில்லை. கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, எழுதியது யார், நம்பியது யார் என்று கணக்கைக் காட்டியது. கோபம் வருவது அதனால்தான். கண்ணீரை எவரும் தடுப்பதில்லை; கணக்குக் கேட்டால்தான் தடுக்கிறார்கள்.

அந்தக் கணக்கு தீர்ந்துவிட்டதா? கை ரிக்க்ஷாவைத் தமிழ்நாடு 1973-இல் ஒழித்தது. சம்பு இழுத்த கல்கத்தாவிலோ 2006-இல்தான் சட்டமன்றம் தடைச் சட்டம் நிறைவேற்றியது. அதன் பிறகும் அந்த வண்டிகள் தெருவில் ஓடின. 2022-ஆம் ஆண்டில் மட்டும் வேளாண் தொழிலைச் சார்ந்த 11,290 பேர் தற்கொலை செய்துகொண்டனர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் எழுதியிருக்கிறது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் விவசாயக் கூலிகள். இரண்டு பீகாகூட இல்லாதவர்கள்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. சம்பு பிழைப்பு தேடி நகரத்துக்குப் போனான். அவன் பேரப் பிள்ளைகள் நகரத்திலிருந்து கால்நடையாகக் கிராமத்துக்குத் திரும்பினார்கள். ஊர் திரும்பியவர்கள் ஒரு கோடிக்கும் மேல். வழியிலே எத்தனை பேர் மாண்டார்கள் என்று அந்த ஆண்டு செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டார்கள். அப்படி ஒரு கணக்கு இல்லை என்று அரசு பதில் சொன்னது.

வறுமையைக் காட்டுகிறாயே என்று கலைஞனைக் கடிந்த அதே நாடாளுமன்றம், நாற்பது ஆண்டுகள் கழித்து, செத்தவர் கணக்கு இல்லை என்ற பதிலைக் கேட்டுக்கொண்டது! இப்போது சொல்லுங்கள் தோழர்களே, நாட்டுக்கு இழிவு எது? சம்புவின் உழைப்பை ஜமீன்தாரின் ஏடு எழுதவில்லை. நடந்தே செத்தவனை அரசின் ஏடு எழுதவில்லை. எழுதாமல் விட்ட ஏடுகளுக்கு எதிரே, எழுதி வைத்த ஏடு ஒன்று உண்டென்றால், அது இத்தகைய படச்சுருள்தான்.

முகத்திலே கறை இருக்கிறது என்று காட்டிய கண்ணாடியை உடைப்பதா, முகத்தைக் கழுவுவதா? அப்படிப்பட்ட படம் ஊருக்கு வந்தால் முதல் வாரமே போய்ப் பாருங்கள். கொட்டகை காலியாய்க் கிடந்தால் இரண்டாம் வாரம் அது இருக்காது. பார்த்துவிட்டு அழுவதோடு நின்றுவிடாதீர்கள். 65 எப்படி 235 ஆயிற்று என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் அந்தக் கலைஞர்கள் படம் எடுத்தார்கள்.